கேட்டுத்தான் எடுப்பார்

உங்கள் போத்தலில் இருக்கும் தண்ணீரைக் குடிப்பதற்கு அல்ல, அந்தப் போத்தலை மேசையில் கொஞ்சம் தள்ளி வைப்பதற்கே அனுமதி கேட்கும் ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். "மே ஐ?" என்பார். தலையைச் சற்றுச் சாய்த்து, புருவத்தை உயர்த்தி, நீங்கள் ஆம் என்று சொல்லும்வரை கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பதில்லை. பதில் வராவிட்டால் போத்தல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நடனம் அமைப்பது அவருடைய தொழில். நைரோபியில் பிறந்து, லண்டனில் வளர்ந்து, மெல்பேர்னுக்கு வந்து நிலைத்தவர். கறுப்பு உடம்பையும் கமராவையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு பரிசோதனை நடனம் செய்தார். அதில் ஆடியவர்கள் இரண்டு பேர். ஒருவன் சூடானிலிருந்து வந்தவன், வாசலில் குனிந்து நுழையும் உயரம். மற்றது நான், மெல்பேர்ன் புறநகர் வெரிபீயில் அம்மாவோடு இருக்கும் மன்னார்ப் பிள்ளை. அவரோடு வேலை செய்தது ஒரு வருடத்துக்கும் குறைவு. ஆனால் இன்றைக்கும் யாராவது என்னிடம் மரியாதையாக ஒன்றைக் கேட்டால் முதலில் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் கேள்வியை யோசிக்கிறேன். அந்த வியாதி அவர் தந்தது.

ஃபுட்ஸ்கிரேயில் ஒரு பழைய மண்டபத்தில் ஒத்திகை. முதல் நாள் என் பக்கத்தில் வந்து நின்று, "உன் தோளைத் தொடலாமா?" என்று கேட்டார். நான் திகைத்துப்போனேன். சின்ன வயதிலிருந்து பரதநாட்டியம் பழகியவள் நான். அரைமண்டி போதாவிட்டால் தட்டுக்கழி முழங்காலில் விழும். இடுப்பைப் பிடித்துத் திருப்புவார்கள், நாடியைப் பிடித்து நிமிர்த்துவார்கள். எங்கள் ஆட்கள் கேட்பதே இல்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே கேட்பார்கள். எப்ப கலியாணம், ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாய், வெயிலுக்குள்ள திரியிறியோ கறுத்துப் போனாய் என்று கேள்விக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் என் உடம்பைத் தொடுவதற்கு முன் அந்த உடம்புக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்ட முதல் மனிதர் இவர்தான். அன்று ரயிலில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கே நான் அவருடைய ஆளாகிவிட்டேன்.

அவர் ஏன் இப்படி என்பது ஒரு மத்தியானச் சாப்பாட்டின்போது தெரிந்தது. "ஒன்று காட்டலாமா?" என்று கேட்டுவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். லண்டனில் படித்த காலத்து வகுப்புப் படம். மற்றப் பிள்ளைகளின் மூக்கில் இருக்கும் புள்ளிகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஓரத்தில் ஓர் இருட்டு. இருட்டுக்கு மேலே வெள்ளை ரிபன், நடுவில் பல். அதுதான் அவர். படம் பிடிக்க வந்தவர், "நல்லாகச் சிரி, இல்லாவிட்டால் உன்னைத் தேடிப் பிடிக்க முடியாது" என்று சொன்னாராம். வகுப்பே சிரித்ததாம்.

"கமரா யாரிடமும் கேட்பதில்லை. நான் கேட்பேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்" என்றார்.

அவர் அதைச் சொன்ன விதத்தில் நடிப்பு இருக்கவில்லை. இவ்வளவு நடந்தபிறகும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த நடனத்தை எங்கள் ஆட்களுக்குக் காட்டினால் இது நடனமா என்று கேட்பார்கள். பாட்டு இல்லை, சலங்கை இல்லை. மேடை நடுவில் முக்காலியில் ஒரு கமரா. அது பிடிப்பது பின்னால் உள்ள பெரிய திரையில் அப்படியே விழும். இந்தக் கமராக்கள் வெளிச்சத்தைத் தாமாகவே கூட்டிக் குறைப்பவை. நாங்கள் மட்டும் முன்னால் நின்றால் எங்கள் முகம் துலங்கும். ஒரு வெள்ளைத் துணி உள்ளே வந்தால் போதும், கமரா துணிக்கு மரியாதை கொடுத்துத் தன் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும், நாங்கள் இருண்டுபோவோம். துணி விலகினால் திரும்பி வருவோம். இந்த வருவதையும் போவதையும் வைத்தே அவர் முழு ஆட்டத்தையும் கட்டியிருந்தார். உயரக்காரன் துணியை இழுத்துக்கொண்டு ஓடுவான். நான் உள்ளங்கைகளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடிப்பேன். உள்ளங்கை முகத்தைவிட வெளுப்பு, கமரா எதைப் பார்ப்பது என்று தெரியாமல் குழம்பும். திரையில் அந்தக் குழப்பத்தைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். அவர் கெட்டிக்காரி. எந்தக் கோபத்திலும் அதை நான் மறுக்கமாட்டேன்.

இந்த நாட்டில் எந்த நிகழ்ச்சிக்கும் முன்னால், இது யாருடைய நிலம் என்று நினைவுகூர்ந்து நாலு வரி வாசிப்பார்கள். பலர் செபமாலை சொல்லும் வேகத்தில் வாசித்து முடிப்பார்கள். இவர் அதோடு விடவில்லை. அந்த நிலத்துப் பூர்வகுடிகளின் மூத்த பெண் ஒருவரைத் தேடிப்போய், "உங்கள் மண்ணில் கறுப்பு என்ற சொல்லை வைத்து நான் ஒரு நடனம் செய்யலாமா?" என்று கேட்டார். அந்த அம்மா தேநீர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். பதில் வரும்வரை ஒத்திகை நின்றது. எங்களுக்குக் கால் துருதுருத்தது. கடைசியில் சம்மதம் வரும்வரை அவர் அசையவில்லை.

என்னிடமும் கேட்டார். "உன்னைக் கறுப்பு என்று நான் சொல்லலாமா?"

இதை வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"கறுப்பாக்களின்ர டான்ஸுக்கு உன்னை ஏன் பிள்ளை எடுத்தவ? நீ பொதுநிறமெல்லே" என்றார் அம்மா.

"அம்மா, கண்ணாடியைப் பாருங்கோ. பிறகு என்னைப் பாருங்கோ."

"அது வெயிலில திரிஞ்சு வந்தது. பிறக்கேக்க நீ நல்ல வெள்ளை."

பிறக்கும்போது வெள்ளையாக இல்லாத தமிழ்ப் பிள்ளை உலகத்தில் எங்கேயாவது உண்டா? அடுத்த நாள் அவரிடம், தாராளமாகச் சொல்லுங்கள் என்றேன்.

அம்மா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர். அப்பா செத்தபிறகு தனியாக என்னை வளர்த்தவர். நடனத்தோடு சம்பந்தப்பட்ட யாரும் அவருக்கு ரீச்சர்தான். ரீச்சர் என்றால் பிறகு பேச்சில்லை. ரீச்சர் காலில் விழச் சொன்னால் விழவேண்டும், வெள்ளிக்கிழமை வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் தேவாலயப் பூசைக்குப் போகாமல் கூட்டிக்கொண்டு போகவேண்டும். "உன்ர ரீச்சரை ஒருநாள் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வா" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

போகும் வழியில் காரில் அவருக்குப் புத்தி சொன்னேன். "எங்கள் வீட்டில் என்னிடம் எதையும் கேட்காதீர்கள். எனக்கு இருபத்தெட்டு வயது, ஆனால் அங்கே எனக்கு வாக்குரிமை இல்லை. எல்லாம் அம்மாவிடம்தான் கேட்கவேண்டும்." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றலாமா என்று அம்மாவிடம் கேட்டார். குசினிக்குள் வரலாமா என்று கேட்டார். கதிரையை இழுக்கலாமா என்று கேட்டார். இரண்டாவது முறை நண்டுக் கறி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டபோது அம்மாவுக்குத் தாங்க முடியவில்லை.

"ஐயோ, சாப்பாட்டை ஆரும் கேட்டுத் தின்னுறதே? போட்டுத் தின்னச் சொல்லு பிள்ளை. நான் என்ன பிறத்தியாளே?"

ஆனால் அவர் போனபிறகு, "எவ்வளவு மரியாதையான மனுசி. உனக்கு இந்தக் குணம் மருந்துக்கும் இல்லை" என்றார். அம்மாவின் வாயால் இதற்கு மேல் ஒரு புகழ்ச்சி வராது.

இனி ஒரு வீடியோவைப் பற்றிச் சொல்லவேண்டும். பெண் பிள்ளை பெரியவளானால் நாங்கள் செய்யும் சடங்குக்குச் சாமத்திய வீடு என்று பெயர். எனக்கும் மண்டபம் எடுத்து, மூன்று தட்டுக் கேக் வைத்து, வீடியோக்காரரைப் பிடித்து அம்மா செய்தார். அந்த வீடியோக்காரர் என் முகத்துக்காகக் கமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி வைத்ததில் கேக்கும் சுவரும் வெள்ளையில் கரைந்துபோயின. அதுவும் போதாமல், பவுடரோடு நின்ற அம்மாவிடம், "இன்னும் கொஞ்சம் பூசுங்கோ அன்ரி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவருடைய குரல் வீடியோவில் இருக்கிறது. ஆலாத்தித் தட்டுகளை அடுக்கும் நீளமான ஒரு பகுதியில், கமரா தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்து, அந்தப் பிள்ளை, நான்தான், சேலைத் தலைப்பால் கன்னத்தைத் துடைக்கிறது. அம்மா வந்து திரும்பப் பூசுகிறார். பிள்ளை துடைக்கிறது. அம்மா பூசுகிறார். யாரும் அதைக் கவனித்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் அம்மா அந்த வீடியோவைப் போட்டுக் காட்டியிருக்கிறார், அந்த இடம் வரும்போது எல்லோரும் வடை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் தட்டை வைத்துவிட்டுத் திரையைப் பார்ப்பேன்.

வெள்ளைத் துணியோடு மல்லுக்கட்டிய ஒரு நாள், உயரக்காரன் போனபிறகு, இதை அவரிடம் சொன்னேன். அதற்கு முன் ஒருவருக்கும் சொன்னதில்லை. அன்று மட்டும் அவர் எதுவும் கேட்கவில்லை. என் முன்னால் தரையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். கண் கலங்கியிருந்தது. அதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். ஒருவேளை அன்பும்தான்.

கொஞ்ச நாள் கழித்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "கடைசிப் பகுதியில் திரையில் கமராப் படம் வராது, வேறொன்று வரும். அது என்னவென்று தெரியாமல் நீங்கள் ஆடவேண்டும். அதற்குச் சம்மதமா?" என்று கேட்டார். சம்மதம் என்றோம். உயரக்காரன், சிங்கம் வராமல் இருந்தால் சரி என்று பகிடி விட்டான்.

முதற்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அம்மா இரண்டாவது வரிசையில், திருநாளுக்குக் கட்டும் ஊதாச் சேலையில் இருந்தார். துணி வந்தது, போனது. நாங்கள் இருண்டோம், துலங்கினோம். சனம் மூச்சு விடாமல் பார்த்தது. கடைசிப் பகுதியில் நான் திரைக்கு முதுகு காட்டி, சனத்தைப் பார்த்து, அசையாமல் நிற்கவேண்டும். நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம் பூசுங்கோ அன்ரி."

திரும்பிப் பார்க்க எனக்குத் தேவை இருக்கவில்லை. நான் அம்மாவைத்தான் பார்த்தேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கையைத் தொட்டு, திரையையும் என்னையும் காட்டி என்னவோ சொன்னார். என்ர மகள் என்று சொல்லியிருப்பார். பிறகு சிரிப்புக் கிளம்பியது. உயரக்காரன் சொல்லிப் பிறகுதான் தெரியும், நடனம் அமைத்தவர் அந்த இடத்தை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார். பிள்ளை துடைக்கிறது, தாய் பூசுகிறாள். துடைக்கிறது, பூசுகிறாள். வேகம் கூடக் கூட அம்மா ஒரு கோமாளியைப் போல ஓடி ஓடி வந்து பூசினார். மண்டபம் குலுங்கியது. அம்மாவும் முதலில் கூடச் சிரித்தார், எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து. பிறகு அவருடைய வாய் மெல்ல மூடியது. மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சிரிப்பு ஒரு கட்டத்தில் தானாகவே அடங்கிப்போய், சிரித்தவர்களுக்கே வெட்கம் வரவேண்டும். அதுதான் அவருடைய திட்டம். அது அப்படியே பலித்தது. மண்டபம் அமைதியானது, சிலர் அழுதார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்மாவுக்கு அந்த அமைதி விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது சிரிப்பு மட்டும்தான்.

வெளியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் எங்களிடம் வந்தார். அம்மாவின் முன்னால் நின்று, கைகளை விரித்து, "மே ஐ?" என்றார். ரீச்சர் கேட்டால் அம்மாவுக்கு ஓம்தான் வரும். ஓம் என்றார். அவர் அம்மாவைக் கட்டிப்பிடித்தார். அம்மா சேலையோடு ஒரு மூட்டையைப் போல நின்றார்.

காரில் நெடுஞ்சாலையில் ஏறினோம்.

"உனக்குச் சப்ரைஸ் எண்டு ரீச்சர் சொன்னவ. அதுதான் நான் உனக்குச் சொல்லேல்லை" என்றார் அம்மா.

"எப்ப கேட்டவ?"

"நீ வேலைக்குப் போன நேரம் வந்தவ. மகளின்ர சாமத்திய வீட்டு வீடியோவை எங்கட டான்ஸில போடலாமோ எண்டு கேட்டவ. நான் சந்தோசமாத்தான் குடுத்தனான். அவ்வளவு ஆக்களுக்கு முன்னால உன்னைக் காட்டப் போறா எண்டு." சேலைத் தலைப்பை இழுத்து மடியில் மடித்து வைத்தார். "ஏன் பிள்ளை சிரிச்சவை? அதில நீ வடிவில்லையே?"

"வடிவுதான் அம்மா" என்றேன்.

அடுத்த நாள் மண்டபத்துக்குப் போனேன். அவர் தனியாகத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் கேட்டேன்" என்றார். குரலில் ஒரு நெளிவும் இல்லை. "திரையில் வருவது தெரியாமல் ஆடச் சம்மதமா என்று உன்னிடம் கேட்டேன். வீடியோவை உன் அம்மாவிடம் கேட்டேன். உங்கள் வீட்டில் எதையும் அம்மாவிடம்தான் கேட்கவேண்டும் என்று நீதானே சொன்னாய்?"

"அது பகிடி. அது என் முகம். என்னிடம் கேட்டிருக்கலாம்."

அவர் துணியைக் கீழே வைத்தார். "உன்னிடம் கேட்டிருந்தால் நீ இல்லை என்றிருப்பாய்."

அவ்வளவுதான். மழுப்பவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த ஒரு வசனத்தில் அவருடைய இத்தனை நாள் மே ஐ எல்லாம் எனக்கு வேறாகத் தெரிந்தன. அவ்வளவு காலத்தில் யாரும் அவரிடம் 'இல்லை' என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. அவருக்கு எங்கே ஆம் கிடைக்கும் என்று தெரியும். அங்கே போய்க் கேட்பார். எங்கே 'இல்லை' இருக்கிறதோ அந்தக் கதவைத் தட்டமாட்டார். தேநீர் தந்த அந்த மூத்த பெண் இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

கேட்காமல் பூசியவர்களை எனக்குத் திட்டத் தெரியும். திட்டி, சண்டை பிடித்து, திரும்ப ஒரே மேசையில் சோறு தின்னத் தெரியும். இவ்வளவு பக்குவமாகக் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனவரை என்னவென்று திட்டுவது? அன்றோடு நான் அந்த நடனத்திலிருந்து விலகினேன். பத்திரிகையில் எல்லாம் அதை மெச்சி எழுதினார்கள். தைரியமான படைப்பு என்றார்கள். தைரியம் யாருடைய செலவில் என்று ஒருவரும் எழுதவில்லை.

சில மாதம் கழித்து, அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையில் ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். அவர்தான். நலம் விசாரித்தார். நடனத்தைச் சிட்னிக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம், அங்கேயும் அந்த வீடியோவைப் போடலாமா என்று கேட்டார். அதே குரல், அதே பணிவு.

நான் குசினி வாசலில் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். ரீச்சர் ஒருவரிடம் அவர் 'இல்லை' என்று சொல்லி என் வாழ்க்கையில் நான் கேட்டதில்லை.

"இற்ஸ் ஹெர் ஃபேஸ், ரீச்சர்" என்றார். "ஆஸ்க் மை டோட்டர்."

நிச்சயமாக, நன்றி என்று அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

"உனக்கு எடுப்பா. போனைக் கிட்ட வைச்சிரு" என்றார் அம்மா, திரும்பக் கத்தியை எடுத்தபடி.

போனைக் கிட்டவே வைத்திருந்தேன். வேலையிலும் வைத்திருந்தேன். இல்லை என்று சொல்வதற்கு வசனம் எல்லாம் கட்டி வைத்திருந்தேன். சில நாட்களில், கேட்டால் ஓம் என்றே சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். கேட்கட்டும், ஒரு தடவை என்னிடம் கேட்கட்டும், அது போதும் என்றிருந்தது. போன் வரவில்லை. பிறகு ஒரு நாள் உயரக்காரன் எனக்குப் போன் எடுத்தான். சிட்னியில் ஆட்டம் தொடங்கிவிட்டது என்றான். என் இடத்தில் வேறொரு பெண் ஆடுகிறாள். திரையில் நீதான், என்றான். அவனுக்கு அழுகை வந்தது. நான் அவனைத் தேற்றினேன்.

அந்தக் கிழமையே சிட்னிப் பக்கம் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். சிட்னியில் ஒட்டியிருந்த போஸ்ரர். அரிசிமா அப்பியதுபோல என் முகம், கன்னத்தில் அம்மாவின் கை. 'இது எங்கட பிள்ளையெல்லே?' என்று கீழே எழுதியிருந்தார். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ரீச்சர் உனக்கு எடுத்தவவோ?"

"ஓம் அம்மா. எடுத்துக் கேட்டவ."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டு சொன்னனான்."

அம்மா தலையாட்டினார். போனை மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுதானே முறை" என்றார்.